காரைக்குடிப் பக்கம் புதிதாக எச்.ஆர். வேலைக்கு வருபவர்களுக்கு: ஆட்களிடம் பேசுவதும், அவர்கள் பேச வழி செய்வதும்

படிப்பு முடிந்த கையோடு காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பொறுப்பில் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜவுளிக் கடை, கானாடுகாத்தான் பக்கம் பழைய செட்டியார் வீட்டைத் திருத்தி நடத்தும் தங்கும் விடுதி, புதுவயல் அரிசி ஆலை, ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை, பலகாரம் போடும் கூடம், தனியார் மருத்துவமனை என்று எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐம்பது பேர், நூறு பேர் வேலை செய்யும் இடம். உங்களுக்கு முன்னால் எச்.ஆர். என்று ஒருவர் இருந்திருக்க மாட்டார். மேனேஜரும் கணக்கப்பிள்ளையும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பார்த்த வேலை இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

பாடப் புத்தகத்தில் தகவல் தொடர்பு தனி அத்தியாயம். ஆள் எடுப்பது, பயிற்சி, சம்பளம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் வேறு அத்தியாயங்கள். வேலைக்கு வந்து பார்த்தால் அந்தப் பிரிவினையே இருக்காது. ஒருவரிடம் ஒன்றைச் சொல்வதிலும் அவர் சொல்வதைக் கேட்பதிலும்தான் இந்த வேலை முழுக்க நடக்கிறது. நான் பார்த்தவரை, இந்தப் பக்கத்து நிறுவனங்களில் மேலிருந்து கீழே வரும் சொல் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. கீழிருந்து மேலே போகும் சொல்தான் பாதி வழியில் நின்றுபோகிறது. அந்த வழியைத் திறந்துவிட்டால் மற்ற வேலைகள் பாதி சுலபமாகும். எங்கிருந்து தொடங்குவது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

1. முதல் வாரம் கவனிக்க மட்டும்

சுற்றறிக்கை எதையும் உடனே போட்டுவிடாதீர்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று பாருங்கள். முதலாளி வந்ததும் யாரை முதலில் கூப்பிடுகிறார்? லீவு வேண்டுமென்றால் ஒரு பெண் முதலில் யாரிடம் சொல்கிறார்? இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் வந்தால் பேசித் தீர்ப்பது யார்? ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனியில் மாட்டியிருக்கும் பதவி வரிசைக்கும் உங்கள் நோட்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

எல்லா இடத்திலும் இருபது வருஷமாக இருக்கும் ஒரு மேஸ்திரி அண்ணனோ, அடுப்படியில் ஒரு மூத்த அக்காவோ இருப்பார்கள். அவர்களைத் தாண்டிக்கொண்டு போகாதீர்கள். அதே சமயம் அவர்களில் ஒருவர் வழியாக மட்டுமே எல்லாரிடமும் பேசிப் பழகிவிடவும் கூடாது. அவருக்கு ஆகாதவர் சொல்வது உங்கள் காதுக்கு எட்டாமலே போய்விடும்.

கூப்பிடும் முறையையும் இந்த வாரமே முடிவு செய்துகொள்ளுங்கள். மூத்தவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிடுவது இங்கே இயல்பு, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சூப்பர்வைசர்கள் தங்களைவிட மூத்த துப்புரவுப் பணியாளரை "வா, போ" என்று பேசும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. நீங்கள் எல்லாரையும் "நீங்க" என்றே பேசத் தொடங்குங்கள். சில மாதங்களில் மற்றவர்கள் பேச்சும் மாறுவதைப் பார்க்கலாம்.

2. ஆள் எடுக்கும்போதே கஷ்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்

வேலை நேரம், வார விடுமுறை, எந்த மாதங்களில் கூட்டம் அதிகம் என்பதையெல்லாம் நேர்முகத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஜவுளிக் கடை என்றால் ஆடித் தள்ளுபடி, தீபாவளி. விடுதி என்றால் டிசம்பர், ஜனவரி. கண்டனூர், பள்ளத்தூரிலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு, வேலை முடிந்து வெளியே வரும் நேரத்தில் பஸ் உண்டா என்பது சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி. அதை அவர் கேட்கத் தயங்குவார், நீங்களே எடுங்கள். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தப்படி, கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும். எங்கே, எப்போது உட்காரலாம் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

3. சேரும் நாளில் சம்பளத்தைத் தாளில் போட்டுக் காட்டுங்கள்

நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், கடையைப் பார்த்துக்கொள்ள அனுப்பும் ஏஜெண்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுப்பது வழக்கம். பொதுவாக மூன்று வருஷத் தவணை. எவ்வளவு காலம், என்ன சம்பளம் என்பது எழுத்தில் இருக்கும். எழுத்தில் கொடுத்தால் ஆள் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால், இந்த ஊர் வழக்கமே அதுதானே என்று நீங்கள் தைரியமாகச் சொல்லலாம்.

2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. தொழிலாளிக்கு நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது கட்டாயம். சரி, கடிதத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. அங்கேதான் தொடங்குகிறது.

புதிதாகச் சேர்பவருக்கும் நிறுவனத்துக்கும் முதல் மனக்கசப்பு முதல் மாதச் சம்பளத்தன்றுதான் வருகிறது. 15,000 ரூபாய் என்று சொல்லிச் சேர்த்தார்கள், வங்கிக்கு 13,087தான் வந்திருக்கிறது, மீதி எங்கே? கேட்க வேண்டியவர் உங்களிடம் கேட்க மாட்டார். டீக்கடையில் கேட்பார். அங்கே கிடைக்கும் பதில் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் சேரும் நாளிலேயே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவர் கண்முன் எழுதுங்கள். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000. அதில் 12 சதவீதம் பி.எஃப்.புக்கு, அதாவது வருங்கால வைப்பு நிதிக்கு, 1,800 ரூபாய். 0.75 சதவீதம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு, அது 112.50 என்று வரும், முழு ரூபாயாக்கி 113. கைக்கு வருவது 13,087. அப்புறம் அதே தாளின் மறுபக்கத்தில் நிறுவனம் போடும் பங்கை எழுதுங்கள். பி.எஃப்., பென்ஷன் இரண்டுக்குமாகச் சேர்த்து இன்னொரு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், அதாவது 488. பிடித்தம் என்ற பேச்சு மட்டும் காதில் விழுந்தால் மனசு கசக்கும். மறுபக்கத்தையும் பார்த்தவருக்கு அது சேமிப்பு என்று புரியும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு, தகுதி வந்த பிறகு உடம்பு முடியாமல் வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும் என்பதையும் இப்போதே சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. பிடித்தம் மட்டும் தெரிந்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரியாமலே வருஷக்கணக்கில் வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

எல்லாம் சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "சரிங்க சார்" என்றுதான் பதில் வரும். புரியாதவரும் அதைத்தான் சொல்வார். கேள்வியை மாற்றிக் கேளுங்கள்.

"அக்கா, வீட்டுல போய் எவ்வளவு சம்பளம்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"பதினஞ்சாயிரம்னு சொல்வேன்."

"கைக்கு எவ்வளவு வரும்னு கேட்டா?"

கொஞ்சம் யோசித்து, தாளைத் திருப்பிப் பார்த்து, "பதிமூணாயிரத்து எம்பத்தேழு. மிச்சம் பி.எஃப்.புல கிடக்கும், ஆஸ்பத்திரிக்கும் போகும்" என்று அவர் வாயால் வந்துவிட்டால், உங்கள் வேலை முடிந்தது. அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரர் கேட்டால் காட்டுவார்.

சம்பள நாளையும் சொல்லுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்பது சட்டம். ஏதாவது காரணத்தால் ஒரு நாள் தள்ளிப்போகும் போலிருந்தால், தள்ளிப்போன பிறகு விளக்கம் சொல்லாமல் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். மகளிர் குழுத் தவணை, பள்ளிக் கட்டணம் எல்லாம் அந்தத் தேதியை நம்பித்தான் நிற்கின்றன.

4. வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம்

தினமும் ஷிப்டு தொடங்கும்போது நின்றபடியே ஒரு சின்னக் கூட்டம் போடச் சொல்லுங்கள். நடத்த வேண்டியவர் சூப்பர்வைசர். நீங்கள் ஓரமாக நின்றால் போதும். இன்றைக்கு என்ன வேலை, நேற்று என்ன தவறியது, யார் வரவில்லை, அவர் வேலையை யார் பார்ப்பது, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா. அவ்வளவுதான்.

ஆத்தங்குடிப் பட்டறைகளில் இதன் அருமை தெரியும். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலரை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் போட்டு அழுத்திய பிறகு, கலரை மாற்றச் சொன்னால் அந்தக் கல் வீண்தான். வாடிக்கையாளர் பச்சைக்குப் பதில் நீலம் கேட்டார் என்ற செய்தி கலர் கலக்கும் முன்னால் வர வேண்டும். தாமதமாக வந்தால் கல்லும் போகும், "யார் சொல்லலை" என்ற சண்டையும் வரும். அந்தச் சண்டை கடைசியில் உங்கள் மேஜைக்குத்தான் வரும்.

இந்தப் பத்து நிமிடத்தில் யாரையும் திட்டக் கூடாது என்பதை மட்டும் சூப்பர்வைசரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எல்லார் முன்னாலும் ஒரு தடவை திட்டு வாங்கியவர் அடுத்த தடவை வாய் திறக்க மாட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திறக்க மாட்டார்கள்.

5. வாட்ஸ்அப்

குழு ஒன்று ஏற்கெனவே இருக்கும். காலை வணக்கமும் சாமி படமுமாக ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கலைக்க வேண்டாம். அலுவல் செய்திக்குத் தனியாக ஒரு வழி வையுங்கள். குழுவில் சேர்த்தால் பெண்களின் நம்பர் எல்லாருக்கும் தெரிந்துவிடும், சிலருக்கு அது பெரிய தொல்லை. பிராட்காஸ்ட் பட்டியலாகப் போட்டால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் நம்பரைப் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போகும். சேரும் நாளிலேயே சேமிக்கச் சொல்லிவிடுங்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்காக அதையே ஒரு நிமிடக் குரல் பதிவாகவும் அனுப்பலாம். கண்டிப்பு, மெமோ, சம்பளப் பிரச்சினை எதுவும் வாட்ஸ்அப்பில் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எதுவும் அனுப்ப வேண்டாம்.

6. வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள்

அரிசி ஆலையிலும் விடுதியிலும் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துத் தம்பிகள் இருப்பார்கள். அவர்களைக் கூட்டி வந்த காண்ட்ராக்டரே மொழிபெயர்ப்பாளராகவும் இருப்பார். சம்பள விஷயத்தை அவர் வழியாக மட்டும் சொல்லாதீர்கள். அவருக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தம் இருக்கிறது. இந்தியிலோ வங்காளத்திலோ ஒரு பக்கத் தாள் தயார் செய்து, அவர்களில் படித்த ஒருவரை வாசிக்கச் சொல்லி, எல்லாரும் கேட்கும்படி செய்யுங்கள். இயந்திரப் பாதுகாப்பு என்றால் தாளே போதாது, இயந்திரத்தின் பக்கத்தில் நின்று செய்து காட்ட வேண்டும்.

7. லீவு

திருவிழா நாட்களை வருஷத் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், அதோடு ஐந்து பண்டிகை நாட்களும் சம்பளத்தோடு விடுமுறை. அந்த ஐந்தை அலுவலகத்தில் உட்கார்ந்து நீங்களே தீர்மானிக்காமல் ஆட்களிடம் கேட்டு வையுங்கள். தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அன்றைக்கு ஆள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போகிறவர்கள் பல நாள் இருக்க மாட்டார்கள். காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பவர்கள், குன்றக்குடிக்குக் காவடி எடுப்பவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே கேட்டு ஒரு பட்டியல் போட்டுவிட்டால், கடைசி நேரத்தில் பொய்க் காய்ச்சல் வராது. நேர்த்திக்கடனுக்கு லீவு கேட்பதில் யாரும் கூச்சப்படத் தேவையில்லை என்ற நிலைமையை நீங்கள் உண்டாக்க வேண்டும்.

8. குறை கேட்பது

இந்த வேலையின் மையம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பல நிறுவனங்களில் புகார்ப் பெட்டி மாட்டியிருப்பார்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் அந்தப் பெட்டி சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே இருந்தது. ஒரு தாள்கூட விழவில்லை. ஆட்களுக்குக் குறையே இல்லை என்று நிர்வாகம் சந்தோஷப்பட்டது. பெட்டி வைப்பதானால் கேமரா இல்லாத இடத்தில், கழிப்பறைக்குப் போகும் வழி மாதிரி எல்லாரும் இயல்பாகப் போய் வரும் இடத்தில் வையுங்கள். ஆனால் பெட்டியை நம்பி மட்டும் இருக்காதீர்கள்.

உங்கள் அறைக்குக் கூப்பிட்டு, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க" என்பார்கள். பலகாரக் கூடத்தில் தேன்குழல் பிழிந்துகொண்டிருக்கும் அக்காவின் பக்கத்தில் போய் நின்று, "காலைல இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்களே, கால் வலிக்கலையா?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் சிரிப்பார். அப்புறம் அடுப்புப் புகை கண்ணைக் கரிக்கிறது, புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை, போன வாரம் செய்த ஓவர்டைம் சம்பளத்தில் வரவில்லை, உடை மாற்றும் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று ஒவ்வொன்றாக வரும். தாழ்ப்பாள் விஷயம் கடைசியில்தான் வரும், குரலும் தாழ்ந்திருக்கும். ஆனால் முதலில் சரி செய்ய வேண்டியது அதுதான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தாழ்ப்பாள் போட்டுவிடுங்கள். நூறு ரூபாய்ச் செலவு. "சொன்னா நடக்குது" என்ற பேச்சு மறுநாளே கூடம் முழுக்கப் பரவியிருக்கும்.

கேட்டதை எழுதிவையுங்கள். தேதி, என்ன குறை, யார் சரி செய்ய வேண்டும், எப்போது பதில் சொன்னோம் என்று நான்கு கட்டம் போதும். சொன்னவர் பெயரை எழுதலாமா என்று அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் எழுதாதீர்கள். மூன்று நாளைக்குள் ஏதாவது ஒரு பதில் போக வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். "முடியாது" என்பதும் பதில்தான், காரணத்தோடு சொன்னால் ஆட்கள் ஏற்றுக்கொள்வார்கள். பதிலே இல்லாமல் கிடப்பதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

இருபது பேர் அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருந்தால், குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல். விண்ணப்பம் வந்த 30 நாளில் குழு வேலையை முடிக்க வேண்டும். தாளில் மட்டும் இருக்கும் குழுவாக்கிவிடாதீர்கள். தொழிலாளர் தரப்பில் யார் வேண்டும் என்று அவர்களே சொல்லட்டும்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் இதில் சேராது, அதற்குத் தனி வழி. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், எழுத முடியாதவருக்கு எழுத உதவுவது குழுவின் கடமை. பத்துப் பேருக்குக் குறைவான இடமென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழுவினர் பெயர்களைத் தமிழில் எழுதி மாட்டுங்கள். மாட்டியதோடு நிற்காமல் வருஷத்துக்கு ஒரு முறையாவது பெண்களைத் தனியாக உட்கார வைத்து, எது எது தொல்லை என்று வெளிப்படையாகப் பேசுங்கள். புகார் வந்தால் "குடும்ப மானம்", "ஊர்ப் பேச்சு" என்று சமாதானம் பேசப் பலர் வருவார்கள். அந்த இடத்தில் நீங்கள் அசையக் கூடாது. புகார் கொடுத்தவர் பெயர் உங்கள் வாயிலிருந்து ஒருபோதும் வெளியே வரக் கூடாது.

9. முதலாளியிடம் கொண்டுபோவது

கேட்டதை மேலே சேர்ப்பது உங்கள் கையில். இங்கே பல முதலாளிகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், போனில்தான் நிர்வாகம். அவர் ஓய்வாக இருக்கும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, வாரத்துக்கு ஒரு நாள் பதினைந்து நிமிடம் வாங்கிவிடுங்கள். "ஆட்கள் அதிருப்தியா இருக்காங்க" என்று பொதுவாகச் சொன்னால் கோபம்தான் வரும். "பலகாரக் கூடத்தில் புகைபோக்கி இழுக்கலை, இந்த மாசம் ரெண்டு பேர் நின்னுட்டாங்க, சரி பண்ண இவ்வளவு ஆகும், புது ஆள் பழக்க இதைவிட அதிகமாகும்" என்று கணக்காகச் சொல்லுங்கள். கணக்குப் பேச்சுக்குக் காது கொடுக்கும் ஊர் இது.

குடும்ப நிறுவனங்களில் பெரியவர் ஒன்று சொல்வார், தம்பி வேறு சொல்வார். நடுவில் ஆட்கள் திண்டாடுவார்கள். சம்பளம், லீவு, வேலை நீக்கம் ஆகிய மூன்றிலும் யார் சொல்வது இறுதி என்று இருவரையும் ஒரே நேரத்தில் வைத்துக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

10. மெமோ கொடுக்க வேண்டி வந்தால்

முதலில் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். தொடர்ந்து தாமதமாக வருபவருக்கு வீட்டில் என்ன நிலைமை என்று கேட்காமல் எழுத்தில் இறங்காதீர்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் நடந்ததை மட்டும் எழுதுங்கள். "உங்கள் நடத்தை சரியில்லை" என்பது குற்றச்சாட்டே ஆகாது. "12ஆம் தேதி காலை 6 மணி ஷிப்டுக்கு 7.10க்கு வந்தீர்கள். 14ஆம் தேதியும் 6.50க்கு வந்தீர்கள். முன் தகவல் இல்லை. ஏழு நாளில் விளக்கம் தரவும்" என்று எழுதினால் அவரால் பதில் சொல்ல முடியும். தமிழில் எழுதி, கொடுக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். விளக்கம் வந்தால் படித்துவிட்டு முடிவெடுங்கள். முடிவை முதலிலேயே எடுத்துவிட்டு விளக்கம் கேட்பது அவருக்குச் செய்யும் அநியாயம், பின்னால் தொழிலாளர் நீதிமன்றத்திலும் நிற்காது.

11. ஒருவர் போகும்போது

வேலையை விட்டுப் போகிறவர் கடைசி நாளில் உண்மைக் காரணத்தைச் சொல்ல மாட்டார். "வீட்டுல சூழ்நிலை" என்பார். கணக்கு முடிந்து ஒரு மாதம் கழித்துப் போன் செய்து கேளுங்கள், அப்போது சொல்வார். கிடைக்கும் பதிலை எட்டாவது பகுதியில் சொன்ன குறைகள் நோட்டில் எழுதிவையுங்கள்.

ராஜினாமாவோ நீக்கமோ, சேர வேண்டிய சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. ஐந்து வருஷம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்ற கணக்கில். அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பி.எஃப். இணையதளத்தில் அவர் விலகிய தேதியை உடனே ஏற்றுங்கள். அது ஏறாவிட்டால் பணத்தை எடுப்பதும் மாற்றுவதும் இழுத்துக்கொண்டே போகும். ஏற்றியதும் அவருக்குப் போன் செய்து "தேதி போட்டாச்சு, ஆதாரோட இணைச்ச நம்பர் மாறாம பாத்துக்கங்க" என்று சொல்லிவிடுங்கள்.